பூஜ்யப் புகை

"ஐயோ...!"

அலறல், சோதனைக் கூடத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

வரிசையில் காத்திருந்த ஒருவர் கையிலிருந்த டீயைத் தன் சட்டைக்கே கொடுத்தார். டயருக்குக் காற்றடிக்கும் குழாய் யாருடைய பிடியிலிருந்தோ நழுவி, தரையில் நெளிந்து சீறியது.

அலறியவர் புகைப் பரிசோதகர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'கறார்'. வைப்பர் ரப்பர் நூலளவு பிரிந்திருந்தால்கூட வண்டியைத் திருப்பி அனுப்புவார். ஒரு முறை லாரி ஒன்று அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றது. அப்போதுகூட, "முன் டயர்ல காத்து கம்மி" என்றுதான் சொன்னார்.

அப்படிப்பட்டவர் அலறுகிறார் என்றால்...!

"என்னங்க ஆச்சு? ஷாக் அடிச்சுடுச்சா?"

ஓடி வந்தவள் வண்டியின் சொந்தக்காரி. ஊரில் பாதிப் பேருக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தவள். எல்லோரும் 'டிரைவிங் அக்கா' என்பார்கள்.

கறார் மெஷின் பக்கம் திரும்பினார். விரலை மட்டும் நீட்டினார்.

மெஷினிலிருந்து கிளம்பிய ரப்பர் குழாய் அவளுடைய பழைய காரின் சைலன்சருக்குள் போயிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கார்பன் மோனாக்ஸைடின் அளவு...

0.00

"பூஜ்யமா? அப்போ பாஸ்தானே! கையெழுத்தைப் போடுங்க சார். இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது."

"பாஸா...? ஏம்மா, உன் வண்டிக்கு என்ன வயசு?"

"எங்கப்பா வாங்கினது. எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. ரெண்டு பேர் வயசையும் சத்தமாக் கேக்காதீங்க."

"இந்த வயசு வண்டி புகையைத்தான் விடணும்! இருமணும்! கறுப்பாத் துப்பணும்! உன் சைலன்சர்ல வர்ற காத்து இந்தக் கூடத்துக் காத்தைவிடச் சுத்தமா இருக்கு!"

"மெஷின் ரிப்பேரா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். குழாயை எடுத்து என் வாயில வச்சு ஊதிப் பாத்தேன்."

"என்ன காட்டுச்சு?"

"எனக்கே பூஜ்யம் வரலை. நான் சிகரெட் பிடிக்கறவன்."

சட்டத்தை இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் கலாட்டாவுக்கு நடுவே பாடம் நடத்துவது போல இருக்கும்.

கார் விடும் நச்சுப் புகையைச் சுட்டெரித்துச் சுத்தமாக்கும் ஒரு டப்பா உண்டு. கன்வர்ட்டர். வண்டிக்கு அடியில், சைலன்சர் குழாயின் நடுவில் இருக்கும். சட்டத்தில் ஒரு தேதி குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த வண்டிகளுக்குக் கன்வர்ட்டர் கட்டாயம். முன்பே பிறந்த கிழட்டு வண்டிகளுக்குத் தேவையில்லை. அவற்றின் புகை மூன்றரை சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதைத் தாண்டினாலோ, கெடுவுக்குள் சர்டிபிகேட் வாங்காவிட்டாலோ, இந்த வருஷத்துப் புது உத்தரவுப்படி, வண்டி நேராகப் பழைய இரும்புக் கிடங்குக்கு!

அக்காவிடம் இருப்பது அந்த ஒரு வண்டிதான். அது போனால் டிரைவிங் ஸ்கூலில் மிஞ்சுவது ஒரு போர்டும் அவளும்தான்.

"வண்டியைத் தூக்கு!" என்று கறார் கத்தினார்.

லிஃப்ட் முனகியது. கார் மெல்ல மேலே எழுந்தது. கறார் டார்ச்சுடன் அடியில் போனார்.

இரண்டாவது அலறல் கேட்டது. இது முதலாவதைவிட நீளம்.

வண்டிக்கு அடியில், பளபளவென்று...

ஒரு கன்வர்ட்டர்.

அதன் பின்னால் இன்னொன்று.

அதற்கும் பின்னால் இன்னொன்று!

மூன்றும் ரயில் பெட்டிகளைப் போல வரிசையாகக் கோத்திருந்தன. இணைப்புகளில் வெல்டிங். அதுவும் எப்பேர்ப்பட்ட வெல்டிங்! மீன் செதிலை அடுக்கி வைத்தது போல, ஒரு இழை பிசகாமல்.

"நான் வைக்கலை சார்! சத்தியமா எனக்குத் தெரியாது!" அக்காவும் அடியில் ஓடி வந்தாள். "ரெண்டு மூணு வாரமா மேட்டுல ஏறும்போது இழுக்க மாட்டேங்குதேன்னு பாத்தேன். படிக்கற பசங்க கிளட்சைத் தேச்சுட்டாங்கன்னு அவங்களைத்தான் திட்டிட்டிருந்தேன்."

கறார் டார்ச்சை முதல் டப்பாவின் மேல் நிறுத்தினார். அதில் உளியால் கொத்திய எழுத்துகள்.

'காவல் துறை. தொடாதே.'

டார்ச் அவர் கையிலிருந்து விழுந்தது. அடுத்த நிமிடம் அவர் போனைத் தேடிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வருவது மூன்று தெருக்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

டடடடடட... டமார்... டடடட...!

கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் ஆடின. காத்திருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். வாசலில் வந்து நின்றது போலீஸ் ஜீப். அதற்குக் கன்வர்ட்டர் இல்லாமல் போய் ஒரு மாதம். குழாய் இருந்த இடத்தில் ஓட்டை. புது டப்பா கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தார். மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது.

"எங்கே அந்தத் திருடன்?" இன்ஸ்பெக்டர் இறங்கும்போதே கத்தினார்.

"சார், ஜீப்பை நிறுத்தியாச்சு. மெதுவாப் பேசலாம்," என்றான் கூட வந்த கான்ஸ்டபிள்.

"ஓ... பழக்கமாயிடுச்சுய்யா." குரலைத் தணித்தார். "ஒரு மாசம்! ஒரே ஒரு திருடனைப் பிடிக்க முடிஞ்சுதா? நான் கிளம்பும்போதே அவனுக்குக் கேக்குது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள குளிச்சு, சாப்பிட்டு, வீட்டைப் பூட்டிட்டுப் போறான்!"

"போன வாரம் ஒருத்தன் சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுக்கூடப் போனான் சார்."

"அதையெல்லாம் வெளியில சொல்லாதே!"

இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். தன்னுடைய டப்பாவைப் பார்த்தார். கண் கலங்கியது. தொலைந்த பிள்ளையைக் கண்ட முகம்.

பிறகு திரும்பினார். முகம் மாறியிருந்தது.

"அக்கா... நீங்கதான் எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தீங்க. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம நான் அழுதப்போ தண்ணி கொடுத்தீங்க. எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா கேள்வி கேட்டுத்தான் ஆகணும். எதுக்குத் திருடினீங்க?"

"எனக்கு எதுக்குய்யா அது? என் வண்டிக்குக் கன்வர்ட்டரே தேவையில்லைன்னு சட்டம் சொல்லுது! தேவையில்லாத பொருளை எவளாவது திருடி, கஷ்டப்பட்டு வெல்டிங் வச்சு, வேகம் குறையற மாதிரி மாட்டிப்பாளா?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார்.

"மறைச்சு வைக்கலாம். தேவையில்லாத வண்டியில யாரும் தேட மாட்டாங்க. விக்கற வரைக்கும் பத்திரம்."

"இப்படி யோசிக்கறவர் ரிவர்ஸ் எடுக்க மட்டும் ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டீங்க?"

"பேச்சை மாத்தாதீங்க. வண்டியில வேற யார் கை வைப்பாங்க? வீட்டுக்காரரா?"

"அவர் கப்பல்ல சமையல்காரர். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வந்தாலும் வண்டிக்கு அடியில படுக்க மாட்டார், கட்டில்லதான் படுப்பார்." அக்கா தயங்கினாள். "என் கொழுந்தன்தான் பாப்பான். சைலன்சர் கடை வச்சிருக்கான்."

"சைலன்சர் கடையா!" இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொழுந்தன் வந்து சேர்ந்தபோது வாயில் சூயிங்கம். காதில் பென்சில்.

"என்ன அண்ணி, வண்டி ஃபெயிலா? நான்தான் சொன்னேனே, வித்துடுங்கன்னு..." என்றபடி வண்டிக்கு அடியில் போனவன் அப்படியே நின்றுவிட்டான். வாய் மெல்லுவதை நிறுத்தியது.

மூன்று டப்பாக்கள். நான்கு இணைப்புகள். மீன் செதில் வெல்டிங்.

"அம்மாடி..." என்று மூச்சு விட்டான். "என்னா வேலை... என்னா சுத்தம்!"

"பாத்தியா?" என்றார் கறார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வெல்டிங்கை நான் பாத்ததில்லை. திருட்டு வேலைதான். ஆனா செஞ்சவன் கலைஞன்."

"கண்ணாடி போட்டு மூடி வைக்கணும் போலிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த ஊர்லயே இப்படி வைக்கறவன் ஒருத்தன்தான் இருப்பான். யாரு அது?"

எல்லாக் கண்களும் கொழுந்தனின் மேல்.

அவனுக்குள் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்வது கடினம். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. மீசையைத் தடவிக்கொண்டான்.

"வேற யாரு... நான்தான்."

"டேய்!!" அக்கா கத்தினாள்.

"ஒத்துக்கறியா?" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"வெல்டிங் என்னோடதுதான் சார். எழுதிக்கங்க. 'வெல்டிங்' கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதுங்க."

"சார், அவன் பொய் சொல்றான்! இவனாவது, இப்படி வெல்டிங் வைக்கறதாவது! எங்க வீட்டு கேட்டுக்கு இவன்தான் வெல்டிங் வச்சான். கேட் இப்போ தோட்டத்துல படுத்திருக்கு. போஸ்ட்மேன் அதுமேல ஏறித்தான் வர்றார்!"

"அண்ணி, என் தொழிலைப் பத்தி வெளியாளுங்க முன்னாடி பேசாதீங்க."

"ஜெயிலுக்குப் போவேடா முட்டாள்!"

"போனாலும் நல்ல வெல்டர்னு பேரோட போவேன்."

"நீ உள்ளே போனா என் வண்டியும் கூடவே போகும்டா! திருட்டுல குடும்பமே கூட்டுன்னு எழுதுவாங்க!"

கறார் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணியை நோக்கி முள் நகர்ந்துகொண்டிருந்தது.

"எப்படியும் நான் சர்டிபிகேட் தர மாட்டேன்," என்றார். "திருட்டுச் சாமான் மாட்டின வண்டி. நாளைக்குக் காலையில கிடங்கு லாரி வரும்."

அக்கா வண்டியின் டயரைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்டில் ஏறியிருந்ததால் டயர் அவள் தோளுயரத்தில் இருந்தது. அதில் நெற்றியை வைத்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு மனசு கேட்கவில்லை.

"சரி. ஒரே ஒரு பரீட்சை வைப்போம்," என்றார். "பின்னாடி வெல்டிங் கொட்டகை இருக்கில்ல? தம்பி, ரெண்டு குழாயை ஒட்டிக் காட்டு. இதே மாதிரி வந்தா நீதான் திருடன்."

"வராம போனா?"

"நீ யோக்கியன்."

கொழுந்தன் யோசித்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, யோக்கியனாகிவிடுவோமோ என்று அவனுக்குப் பயம் வந்தது!

நாலே நிமிடம். கொட்டகையில் பொறி பறந்தது. நெருப்பு, புகை, ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி நெருப்பு.

வெளியே எடுத்தபோது குழாய்களின் நடுவில் மெழுகுவத்தி உருகி வழிந்தது போல ஏதோ இருந்தது. கான்ஸ்டபிள் லேசாகத் தொட்டான். இரண்டு குழாயும் தனித்தனியாக விழுந்தன.

"கையில வேர்வை சார்," என்றான் கொழுந்தன். "இன்னொரு சான்ஸ் கொடுங்க. நான் திருடன்தான்னு நிரூபிச்சுக் காட்டறேன்!"

அப்போதுதான் வாசலில் ஒரு குரல்.

"யாருடா அது, என் பையனை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறது?"

கொழுந்தனின் அம்மா. டிரைவிங் அக்காவின் மாமியார். கான்ஸ்டபிள் முறைப்படி வீட்டுக்குப் போன் செய்திருந்தான். கையில் ஒரு துணிப்பை. கண்ணில் தடித்த கண்ணாடி.

மருமகளைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகளும் திருப்பிக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்டர், இவனை விடுங்க," என்றார் மாமியார். "எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"இன்ஸ்பெக்டர், அவங்க பையன் தானா வந்து மாட்டிக்கிட்டான்னு அவங்ககிட்ட சொல்லுங்க," என்றாள் அக்கா.

"இன்ஸ்பெக்டர், என் பையனைப் பத்தி மத்தவங்க பேச வேண்டாம்னு அவகிட்ட சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினார். கழுத்து சுளுக்கியது.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

"அவ கீழே. நான் மாடியில. நாலு வருஷமாப் பேச்சு இல்ல. கார் ஓட்டக் கத்துக்கறேன்னு அவகிட்ட போனேன். மூணாவது நாளே, நடு ரோட்டுல, 'உங்களுக்கு ஓட்ட வராது அத்தை, இறங்குங்க'ன்னா!"

"இன்ஸ்பெக்டர், அப்போ வண்டி ஒரு பூக்கடைக்குள்ள இருந்துதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

மாமியார் குனிந்தார். அவர் கண் தரையில் கிடந்த குழாய்களின் மேல் விழுந்திருந்தது. வழிந்த மெழுகு. கோணல். ஓட்டை.

"இது... யாரு வச்சது?"

"நான்தாம்மா," என்றான் கொழுந்தன்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். மகனைப் போலீஸ் பிடித்தது என்று கேட்டபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு வேதனை இல்லை.

"தள்ளு."

"அம்மா, வேண்டாம்..."

"தள்ளுடான்னா!"

துணிப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு வெல்டிங் முகமூடி வெளியே வந்தது. நெற்றியில் தீய்ந்த தழும்புகளோடு, பழையது. எங்கே போனாலும் அதைக் கொண்டுபோகிற பழக்கம் அவருக்கு. கப்பல் பாய்லர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வெல்டர். ஓய்வு பெற்ற பிறகும் கை அடங்காது. கல்யாண வீட்டுப் பந்தல் கம்பியில் வெல்டிங் விட்டிருந்தால்கூட, சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போய் வைத்துவிட்டு வருவார்.

முகமூடியை மாட்டினார். ஒரு கோடு நெருப்பு. சீரான சத்தம். அவ்வளவுதான்.

குழாயைத் தூக்கிக் காட்டினார்.

மீன் செதில்!

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"சார்...!" கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தான். "இந்த அம்மாதான் சார்! இப்பதான் அடையாளம் தெரியுது!"

"அவங்க வந்து பத்து நிமிஷமாச்சேய்யா! இப்பதான் தெரியுதா?"

"முகத்தைப் பாத்தாத் தெரியலை சார். முகமூடியைப் பாத்ததும்தான் தெரிஞ்சுது! போன மாசம் ஸ்டேஷனுக்கு வந்தாங்க. மத்தியானம். நீங்க சாப்பிட்டுட்டுக் கண் அசந்திருந்தீங்க. 'ஜீப்பு சர்வீஸ்'னாங்க. ஜீப்புக்கு அடியில படுத்தாங்க..."

"நீ என்ன பண்ணினே?"

"ஜாக்கி பிடிச்சேன் சார்."

"பிடிச்சியா!"

"வேலை முடிஞ்சதும் டீ வாங்கிக் கொடுத்தேன். டப்பா கனமா இருந்துது. பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"அம்மா," என்றார் களைப்பாக. "எதுக்கு?"

மாமியார் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். மறைக்கிற எண்ணமே இல்லை அவரிடம்.

"எதுக்கா? அவ வண்டி நிக்கறது என் படுக்கை ஜன்னலுக்கு நேர் கீழே. விடிஞ்சா போதும், ஸ்டார்ட் பண்ணி உறும விடுவா. இன்ஜின் சூடாகணுமாம்! அந்தப் புகை மொத்தமும் என் ரூம்ல. தலையணை கறுப்பு. திரை கறுப்பு. நான் தும்மினாக் கறுப்பு! கன்வர்ட்டர் மாட்டச் சொல்லுங்கன்னு போக்குவரத்து அதிகாரிகிட்ட போனேன். 'பழைய வண்டிக்குத் தேவையில்லைம்மா'ன்னார். உங்ககிட்ட வந்தேன். நீங்களும் 'தேவையில்லைம்மா'ன்னீங்க."

"நானா? ஞாபகம் இல்லையே."

"தலையைத் தூக்கிப் பாத்தாத்தானே ஞாபகம் இருக்கும்? அப்பதான் முடிவு பண்ணினேன். யாரெல்லாம் தேவையில்லைன்னு சொல்றாங்களோ அவங்க வண்டியில இருந்தே எடுத்து மாட்டறதுன்னு! அவங்களுக்கு எவ்வளவு தேவைன்னு அப்போ தெரியும் இல்ல?"

"மருமககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஜன்னலுக்குக் கீழே நிறுத்தாதேன்னு!"

மாமியார் அவரை விசித்திரமாகப் பார்த்தார். இவ்வளவு சொல்லியும் புரியவில்லையே என்பது போல.

"அதான் அவகூடப் பேசறதில்லைன்னு சொன்னேனே!"

அக்கா டயரிலிருந்து நெற்றியை எடுத்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. கோபமா, சிரிப்பா? இரண்டும் கலந்திருந்தது என்றுதான் தோன்றுகிறது.

"இன்ஸ்பெக்டர், என் வண்டியைப் பழைய இரும்பு ஆக்கிட்டாங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. நாளைக்கு லாரி வருதாம். இனிமே ஜன்னல் சுத்தமா இருக்கும். நானும் பிழைப்பு இல்லாம, மாடிப்படிக்குக் கீழே உக்காந்திருப்பேன்."

மாமியாரின் முகம் கலங்கியது.

"பழைய இரும்பா? எதுக்கு?"

"திருட்டுப் பொருள்!" என்றார் கறார்.

"அதைக் கழட்டிட்டா?"

"கழட்டினா? கன்வர்ட்டர் இல்லாம மூன்றரைக்குள்ள வரணும். இந்த வண்டி போன வருஷம் நாலரை காட்டிச்சு. அப்போ சரி பண்ண அவகாசம் கொடுத்தாங்க. இப்போ இல்ல."

"நேரம் இருக்கில்ல?" மாமியார் முகமூடியை இறக்கினார். "டேய், ஸ்பானரை எடு. வெறும் குழாய் ஒண்ணு கொண்டா. இன்ஸ்பெக்டர், டார்ச் பிடிங்க."

"நான் இன்ஸ்பெக்டரும்மா..."

"உங்க டப்பா உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

இன்ஸ்பெக்டர் டார்ச் பிடித்தார்.

பொறிகள் பறந்தன. மூன்று டப்பாக்களும் ஒவ்வொன்றாக இறங்கின. வெறும் குழாய் ஏறியது. லிஃப்ட் இறங்கியது. அக்கா ஓடிப் போய் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் சூடாகிற வரை காத்திருந்தார்கள். ஒவ்வொரு நொடியும் ஒரு பாறை போல நகர்ந்தது.

கறார் குழாயைச் சொருகினார்.

எண்கள் ஏறின.

0.60... 0.90... 1.20...

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

1.40.

அங்கேயே நின்றது!

"ஒண்ணு... புள்ளி... நாலா?" கறார் மெஷினைத் தட்டினார். "கன்வர்ட்டரே இல்லையே! எப்படி?"

மாமியார் செருமினார்.

"மூணும் மாட்டின பிறகும் லேசா வாடை வந்துட்டே இருந்துது. அதனால கார்புரேட்டரையும் திறந்து பாத்தேன். பெட்ரோல் அளவு ஜாஸ்தியா இருந்துது. திருகை அரைச் சுத்து திருப்பி வச்சேன்."

இன்ஸ்பெக்டர் மெதுவாக நெருங்கி வந்தார்.

"ஒரு நிமிஷம். அந்தத் திருகு... எங்கே இருக்கு?"

"பானெட்டைத் திறந்தா முன்னாடியே இருக்கு."

"அதை முதல்லயே திருகியிருந்தா...?"

"போதும்தான்."

"மூணு திருட்டு? ஒரு மாசம் நான் ஊரையே எழுப்பிட்டுச் சுத்தினது?"

"நான் வெல்டர் இன்ஸ்பெக்டர்," என்றார் மாமியார் கம்பீரமாக. "வெல்டிங்தான் முதல்ல தோணும். திருகெல்லாம் கடைசியிலதான் தோணும்."

கறார் பேனாவை மூடினார்.

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"சார்! மூன்றரைக்குள்ள இருக்கே!" அக்கா கதறினாள்.

"இருக்கட்டும். முதல்ல பூஜ்யம், இப்போ ஒண்ணு புள்ளி நாலு. இந்த வண்டி மேல எனக்கு நம்பிக்கை இல்ல. சோதனைன்னா சோதனை! என் கூடத்துல தப்பான வண்டி ஒண்ணுகூட வெளியே போனதில்ல. போகவும் விட மாட்டேன்!"

இன்ஸ்பெக்டர் தன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கான்ஸ்டபிள் போக்குவரத்து அதிகாரிக்குப் போன் போட்டு, அவருடைய டப்பாவும் கிடைத்துவிட்டதைச் சொன்னான். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

"வழக்கு எழுதணுமா சார்?" என்றான் போனை வைத்துவிட்டு.

"எழுதலாம். 'பட்டப்பகலில், காவல் நிலைய வளாகத்தில், இன்ஸ்பெக்டர் உறங்க, கான்ஸ்டபிள் ஜாக்கி பிடிக்க...'"

"வேண்டாம் சார்."

"வேண்டாம்யா. பொருள் கிடைச்சாச்சு. சர்வீஸுக்குப் போய் வந்துதுன்னு வச்சுக்குவோம். அம்மா, ஜீப்புல இன்னிக்கே மாட்டிடுங்க. ஆமா... என் டப்பா இது, அதிகாரி டப்பா அது. மூணாவது யாரோடது?"

"மூணாவதா 'தேவையில்லை'ன்னு சொன்னவரோடது," என்றார் மாமியார். "மெஷினைப் பாத்துட்டே பதில் சொன்னார். அவரும் என் முகத்தைப் பாக்கலை." முகமூடியால் கறாரைக் காட்டினார். "அவர் வீட்டு வாசல்ல நிக்குமே நீலக் கார். புதுசு. அதுல எடுத்தேன். பத்து நாளாச்சு."

கறார் சிரித்தார்.

"என் கார்லயா? உளறாதீங்கம்மா. என் வீட்டுக்காரி சொன்னா, வண்டி ஒரு வாரமாக் கத்துதுன்னு. பரிசோதகர் நீயா நானான்னு கேட்டேன், அடங்கிட்டா. கன்வர்ட்டர் இல்லாம எப்படி? நேத்துதான் வண்டிக்கு சர்டிபிகேட்டே..."

நிறுத்திக்கொண்டார்.

தாமதமாக நிறுத்திக்கொண்டார்.

கூடமே அவரைப் பார்த்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். வைப்பர் ரப்பருக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னும் கொஞ்சம் நன்றாகவே பார்த்தார்கள்.

"புது வண்டி," என்றார் இன்ஸ்பெக்டர், ஒவ்வொரு சொல்லாக. "கன்வர்ட்டர் கட்டாயம். பத்து நாளா அது இல்ல. நேத்து பாஸ். யார் சோதிச்சது சார்?"

கறார் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான். அதாவது... சோதிக்கலை. என் வண்டிதானே... எனக்குத் தெரியாதான்னு..."

"பழைய வண்டி ஒண்ணு புள்ளி நாலு காட்டினா நம்பிக்கை இல்ல. புது வண்டி எதுவுமே காட்டலைன்னா நம்பிக்கை இருக்கு. அப்படித்தானே? உங்க மேலிடத்துல இதைக் கேட்டா என்ன சொல்வாங்க?"

கறார் பேனாவைத் திறந்தார். மெஷின் துப்பிய சீட்டில், 1.40 என்ற எண்ணுக்குக் கீழே, சட்டப்படி போட வேண்டிய கையெழுத்தைச் சட்டப்படி போட்டார். கடிகாரம் ஐந்து அடித்தது.

அக்கா சர்டிபிகேட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"உங்க நீலக் கார் சாவியையும் கொடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அதை நாளைக்கு வேற ஊர்ப் பரிசோதகர் பாக்கட்டும். உங்களையும்தான்."

கறார் சாவியைக் கொடுத்தார். பிறகு, வாழ்நாளில் யாரிடமும் காட்டாத பணிவோடு மாமியாரின் பக்கம் நகர்ந்தார்.

"அம்மா... காலையில அவங்க வர்றதுக்குள்ள... அந்த மூணாவது டப்பாவை என் கார்ல மாட்டிக் கொடுத்துடுவீங்களா?"

மாமியார் அவர் பக்கம் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டரின் பக்கமும் திரும்பவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு, நேராக மருமகளைப் பார்த்தார்.

"இவர்கிட்ட சொல்லும்மா... அது இல்லாமலே பாஸாகற வண்டிக்கு, எதுக்கு வீணா ஒரு வெல்டிங்னு!"